சிற்றூரில் எங்கே சாப்பிடலாம்?

(ஆனேக்கல்லில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் கூட்டங்களில் இதிகாசம், முதியோர் நலம், உயில் எழுதுவது என்றெல்லாம் பேசக் கேட்டிருக்கிறோம். எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் சாப்பாடு. உத்தியோகத்தில் இருந்த காலத்தில் தாலுக்கா தாலுக்காவாக டூர் போனவன் நான். படித்தது ரசாயனம். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

நம் உறுப்பினர்கள் பல ஊர்களில் இருக்கிறோம். குலதெய்வம் கோயில், உறவில் ஒரு கல்யாணம், பேரனின் கல்லூரி என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சின்ன ஊர்களுக்குப் போகிறோம். போகும் முன் அங்கே இருக்கும் யாரையாவது கூப்பிட்டு, "ஏன் சார், அங்கே சாப்பிட நல்ல ஹோட்டல் ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறோம். அவரும் ஒரு பெயரைச் சொல்கிறார். நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தப் பெயர் மட்டும் போதாது. என்ன பண்டம், எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டது, யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சிபாரிசு. வெறும் பெயர் ஆபத்தில்கூட முடியலாம்.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் இருபது பேர் ஒரு வேனில் கோலார் பக்கம் கோயில்களுக்குப் போனோம். ஏற்பாடு செய்தவரிடம் யாரோ ஒரு ஹோட்டல் பெயரைக் கொடுத்திருந்தார்கள். மதியம் ஒன்றரைக்குப் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது. ஹோட்டல் மூடி இரண்டு வருஷமாகிவிட்டதாம். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அடுத்த ஊரில் சாதம் தீர்ந்துவிட்டது. எங்களுடன் வந்த மாமி ஒருவர், எழுபத்து நாலு வயது, சர்க்கரை வியாதிக்காரர். சாப்பாடு எப்படியும் வந்துவிடும் என்று பன்னிரண்டரைக்கே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டே முக்கால் மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறிவிட்டது. வழியில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினோம். கடைக்காரர் மாமியைப் பார்த்ததுமே ஒரு டம்ளர் பாலில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் கொண்டுவந்தார். "சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையா?" என்று எங்களில் ஒருவர் தடுத்தார். "எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் வரும், கொடுங்கள்" என்றார் அவர். கால் மணியில் மாமி தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். வயதான நமக்கு, வெளியூரில் வேளைக்குச் சாப்பாடு கிடைப்பது நாக்கு ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

பெயர் ஏன் போதாது? மூன்று காரணங்கள்.

முதலாவது, சின்ன ஊர் ஹோட்டல் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு சமையற்காரரின் கை. அவர் போய்விட்டால் போர்டு மட்டும் மிஞ்சும். இரண்டாவது, போர்டில் உள்ள பெயரே பல சமயம் எதையும் சொல்லாது. உடுப்பி என்பது ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர் அல்ல. பத்து ஊரில் பத்து உடுப்பி இருந்தால் பத்துக்கும் பத்து முதலாளிகள். மூன்றாவதுதான் முக்கியமானது. சின்ன ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. காலை ஏழரைக்கு ஆவி பறக்க இட்லி கொடுக்கும் அதே கடையில் பதினொன்றரைக்குக் கிடைப்பது ஆறிப்போன மிச்சம். மதியம் ஒரு மணிக்கு நல்ல சாப்பாடு போடும் இடம் இரண்டரைக்கு அண்டாவைக் கவிழ்த்துவிடும். நாலு மணிக்கு போண்டாவுக்குக் கூட்டம் நிற்கும், ஐந்தரைக்குத் தட்டு காலி. நேரத்தைச் சொல்லாமல் ஹோட்டலின் பெயரைச் சொல்வது, ரயில் நேரத்தைச் சொல்லாமல் ஸ்டேஷன் பெயரைச் சொல்வது போல.

மைசூர் வழியில் உள்ள மத்தூர் வடையே இதற்கு நல்ல உதாரணம். 1917ல் மத்தூர் ரயில் நிலையத்தில் சிற்றுண்டி விற்ற ராமச்சந்திர புத்யா என்பவர் தொடங்கியது அது. ரயில் சீக்கிரம் வந்துவிட்டதால் பக்கோடாவாக உருட்டிப் போட நேரமில்லாமல், மாவைத் தட்டையாகத் தட்டிப் பொரித்ததில் இந்த வடை பிறந்தது என்று சொல்வார்கள். அந்தப் பண்டம் பிறந்த கதையிலேயே கடிகாரம் இருக்கிறது.

இந்த சிபாரிசு விஷயத்தை உலகத்திலேயே ஒழுங்காகச் செய்து பெயர் வாங்கியது ஒரு டயர் கம்பெனி. பிரான்ஸ் நாட்டு மிஷலன் கம்பெனி 1900ல் கார் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு கையேடு போட்டது. ஜனங்கள் ஊர் ஊராகக் கார் ஓட்டினால்தானே டயர் தேயும்! 1926ல் நல்ல உணவு விடுதிகளுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு அதை மூன்று படியாக்கினார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் அந்த வழியாகப் போனால் சாப்பிடலாம். இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே புறப்பட்டுப் போகலாம். எவ்வளவு எளிமையான அளவுகோல் பாருங்கள்! எவ்வளவு தூரம் போகத் தகும் என்பதே மார்க். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு தடவை கொடுத்த நட்சத்திரம் நிரந்தரம் இல்லை. திரும்பத் திரும்பப் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். தரம் குறைந்தால் பிடுங்கிவிடுகிறார்கள். நாமோ 1988ல் சாப்பிட்ட ரவா தோசையை இன்றைக்கும் சிபாரிசு செய்கிறோம்.

அமெரிக்காவில் இன்னொரு கையேடு இருந்தது. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936ல் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெளிவந்த புத்தகம் அது. கறுப்பினத்தவர் பயணம் போகும்போது எந்த ஊரில் எந்த இடத்தில் அவர்களுக்குச் சாப்பாடு போடுவார்கள், தங்க இடம் கொடுப்பார்கள் என்ற பட்டியல். ருசி பிறகு, முதலில் உள்ளே விடுவார்களா என்பதே கேள்வி.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. என் பாட்டனார் காலத்தில் ஒரு ஹோட்டலைச் சிபாரிசு செய்ய "யார் சமையல்?" என்ற ஒரே கேள்வி போதுமாக இருந்தது. போர்டிலேயே அது எழுதியிருக்கும். உள்ளே பந்தியும் தனித்தனி. 1950ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டம், 15வது ஷரத்தில், கடைகள், பொது உணவு விடுதிகள், ஹோட்டல்கள் என்று பெயர் சொல்லி, சாதி மதம் காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் என்ற முறையிலும், விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: "யார் சமைத்தது?" என்ற கேள்வியால் ஒரு கிருமியும் சாகாது. "எப்படிச் சமைத்தது, எப்போது சமைத்தது?" என்ற கேள்விதான் வயிற்றைக் காப்பாற்றும்.

இனி இந்த ஆனேக்கல்லுக்கே வருவோம். பெயரைக் கேட்டதும் யானைக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மவர்கள் யோசிக்கிறார்கள். ஆனெக்கல்லு என்றால் கன்னடத்தில் ஆலங்கட்டி. பெங்களூருக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் தாலுக்கா தலைநகர். சந்தாபுரம், அத்திப்பள்ளி, ஜிகணி, சர்ஜாபுரம் எல்லாம் இந்தத் தாலுக்காவில்தான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், நம் தமிழ்நாடு. பிள்ளைகளின் வேலை காரணமாக இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் நம்மவர்கள் எத்தனையோ பேர் குடியேறியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் திம்மராய சுவாமி கோயிலுக்கும், ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் முத்யால மடுவு அருவிக்கும், பன்னேர்கட்டாவுக்கும் போகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் எந்தக் கடைக்கும் தைரியமாகப் போகலாம்.

முதலில் பாஷை. இங்கே டிபனுக்குத் திண்டி என்று பெயர். சாப்பாடு ஊட்டா. சாரு என்றால் ரசம், ஹுளி என்றால் சாம்பார், பல்யா என்றால் கறி, மொசரு என்றால் தயிர். சௌசௌ பாத் என்று எழுதியிருந்தால் சௌசௌ காய் போட்ட சாதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் காராபாத் என்ற உப்புமா, ஒரு பக்கம் கேசரி, இரண்டும் ஒரே தட்டில் வரும். சர்க்கரை வியாதிக்காரர்கள் முன்கூட்டியே காராபாத் மட்டும் கேட்க வேண்டும். சாம்பாரில் வெல்லம் சேர்ப்பது இங்கே பல கடைகளில் வழக்கம். அதைக் குறையாகச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். அவர்கள் ஊர், அவர்கள் கைமணம். வெல்லம் ஆகாதவர்கள் சாருக்கு மாறிக்கொள்ளலாம்.

அடுத்தது, கடைகளின் ஜாதகம். மிலிட்டரி ஹோட்டல் என்று போர்டு இருந்தால் அது அசைவம். ராணுவத்தினர் நடத்துவது என்று எண்ணிப் படியேறி, வாசனையைப் பார்த்து இறங்கி வந்தவர்கள் நம்மில் உண்டு. சைவக் கடையில் சஸ்யாஹாரி என்று எழுதியிருக்கும். தர்ஷினி என்பது நின்றுகொண்டே சாப்பிடும் கடை. 1980களில் பெங்களூரில் பரவிய ஏற்பாடு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்தான், ஆனால் அடுப்பு கண்ணெதிரே இருக்கும், பண்டம் வேகமாகச் செலவாகும். ஆகவே சூடு நிச்சயம். பிறகு ஐயங்கார் பேக்கரி. 1898ல் பெங்களூர் சிக்பேட்டையில் திருமலாச்சார் தொடங்கிய பி.பி. பேக்கரிதான் இதற்கு மூலம் என்பார்கள். பிறகு ஹாசன் ஜில்லாவிலிருந்து வந்த பல குடும்பங்கள் இந்தத் தொழிலைக் கர்நாடகம் முழுவதும் கொண்டுபோயின. எந்தச் சின்ன ஊரிலும் சாப்பாட்டு நேரம் தவறினால் ஒரு கார பன்னும் சூடான பாலும் கிடைக்கும் இடம் பேக்கரி. முட்டை சேர்க்காதது எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு கன்னட வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். "ஏனு பிசி இதெ?" - சூடாக என்ன இருக்கிறது? "பிசி நீரு கொடி" - வெந்நீர் கொடுங்கள். "சக்கரெ ஹாக்கபேடி" - சர்க்கரை போடாதீர்கள். வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களுக்கு, "ஈருள்ளி பெள்ளுள்ளி ஹாகிதீரா?" - போட்டிருக்கிறீர்களா? இவற்றில் முதல் வாக்கியம்தான் ராஜா. "என்ன இருக்கிறது?" என்று கேட்டால் சர்வர் மூச்சுவிடாமல் இருபது பெயர் சொல்வார். "என்ன சூடாக இருக்கிறது?" என்று கேட்டால் மூன்றுதான் வரும். அந்த மூன்றில் ஒன்றைச் சாப்பிடுங்கள்.

ஏன் சூடு, சூடு என்று சொல்கிறேன்? 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. இட்லி கொதிக்கும் நீராவியில் வெந்து வருவது. தட்டில் விழுந்தவுடன் சாப்பிட்டால் அதைப் போலப் பத்திரமான பண்டம் இல்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேங்காய்ச் சட்னிதான் சந்தேகத்துக்குரிய ஆசாமி. பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தது, அடுப்பையே பார்க்காதது, காலையிலிருந்து வாளியில் இருப்பது. அதேபோல் சாதம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். அதில் வாந்தியை உண்டாக்கும் விஷம் மறுபடி சுட வைத்தாலும் அழியாது. ஆகவே மூன்று மணிக்குக் கிடைக்கும் சித்ரான்னத்தைவிட அப்போது வார்த்த தோசை மேல். கொதித்த பாலில் கலந்த காபி, டீ, புளித்த தயிர், நாமே உரிக்கும் வாழைப்பழம் இவை நம் நண்பர்கள். நறுக்கி வைத்த பழம், பச்சை வெங்காயம், ஐஸ் இவற்றைத் தள்ளி வைக்கலாம்.

எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் கூடிக்கொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் விதி. நம்மால் அளக்க முடியாது. ஆனால் எண்ணெய் கறுத்து, நுரைத்து, கண்ணை எரிக்கும் புகை வந்தால் வடையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஜாத்திரை, தேர்த் திருவிழா நாட்களில் இது அதிகம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ன்படி கடையில் 14 இலக்க எண் மாட்டியிருக்க வேண்டும். அது இருப்பதாலேயே ருசி வராது. ஆனால் மாட்டி வைத்திருப்பவர் கணக்குக்கு உட்பட்டவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளியில் சாப்பிடுவதில்லை என்ற நியமம் உள்ள பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நியமத்துக்காகப் பட்டினி கிடந்து மயங்கி விழ வேண்டாம். கட்டுசாதம் கட்டிக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார்கள் புளியோதரையைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. புளியின் அமிலம், எண்ணெய், குறைந்த ஈரப்பசை மூன்றும் சேர்ந்து கிருமியை அண்டவிடாது. தயிர் சாதத்துக்கு நிறையப் பாலும் ஒரு கரண்டித் தயிரும் விட்டுப் பிசைந்தால் வழியிலேயே அது தோய்ந்து, மதியத்துக்குப் பதமாக இருக்கும். சாம்பார் சாதம் மட்டும் கட்டாதீர்கள். பருப்பும் காயும் ஈரமும் சேர்ந்தது சீக்கிரம் ஊசிப்போகும். சாப்பாட்டுக்கு முன் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பயணத்தில் உணவு தாமதமானால் என்ன செய்வது என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் நாலு சர்க்கரைக் கட்டியோ மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில், அல்லது நாம் அடிக்கடி போகும் ஊரில், ஒரே ஒரு இடத்தைப் பற்றி ஒரு சீட்டு எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புவோம். அதில் ஆறு விவரம் போதும். ஒன்று, இடமும் அடையாளமும். இரண்டு, எந்தப் பண்டம். மூன்று, எத்தனை மணிக்கு. நான்கு, நீங்கள் கடைசியாகச் சாப்பிட்ட மாதமும் வருஷமும். ஐந்து, எதைத் தவிர்க்க வேண்டும். ஆறு, வயதானவர்களுக்குத் தோதா: படி எத்தனை, உட்கார இடம் உண்டா, கழிப்பறை உண்டா. "அங்கே நல்ல ஹோட்டல் இருக்கு" என்பது வம்பு. "காலை எட்டுக்குள் போனால் இட்லி சூடு, சட்னி வேண்டாம், மூன்று படி ஏற வேண்டும், கழிப்பறை இல்லை, தை மாதம் சாப்பிட்டேன்" என்பது சிபாரிசு. ஒரு வருஷத்துக்கு மேல் பழசான சீட்டை நீக்கிவிட வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. முப்பது பேர் வேனில் போய் இறங்கி, "பத்து நிமிஷத்தில் சாப்பாடு வேண்டும், பூண்டு கூடாது" என்றால் சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்? முதல் நாளே போன் செய்து ஆள் கணக்கைச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அவர் ஏற்றிவைத்த அரிசிக்கு நாம் பொறுப்பு. நெடுஞ்சாலையில் ஒரே மாதிரி போர்டு வைத்த பெரிய விடுதிகள் நிறைய வந்துவிட்டன. வண்டிகளெல்லாம் அங்கேயே நின்றுவிட்டால் ஊருக்குள் இருக்கும் சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக மூடும். அப்படி மூடினால், மதியம் இரண்டே முக்கால் மணிக்கு நம் முகத்தைப் பார்த்துப் பாலில் சர்க்கரை கலக்கிக் கொண்டுவர அந்த ஊரில் ஆள் இருக்க மாட்டார். சாப்பிட்டது நன்றாக இருந்தால் கைகழுவிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, சமையற்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

சீட்டுகளை எதிர்பார்க்கிறேன்.